மெஷின் மேல் பழி வேண்டாம்

அன்புள்ள தம்பி அழகுமலைக்கு அண்ணி வேலுத்தாய் எழுதிக்கொள்வது.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. கவரில் ஒட்டியிருந்த பறவை ஸ்டாம்பைத் தபால்காரர் தன் மகளுக்கு வேண்டும் என்று கேட்டார். தண்ணீரில் நனைத்துப் பெயர்த்துக் கொடுத்துவிட்டேன். இங்கே போடியில் மழை விட்டுவிட்டது. மலையில் ஏலக்காய் மூன்றாவது காயெடுப்பு நடக்கிறது. காய் நல்ல பச்சை.

உங்கள் அண்ணன் அந்த மூச்சு மெஷினுக்கு எப்படிப் பழகினார், எங்கெங்கே சிரமப்பட்டார், எந்த நாளிலிருந்து அது சரியாக வேலை செய்யவில்லை என்று ஒன்று விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். மெஷினில்தான் பழுது என்று தெரிந்தால் சிட்னியில் மற்ற நோயாளிகளிடமிருந்தும் அதைத் திரும்ப வாங்கிவிட நேரும் என்றும், அதனால் உங்களுக்குத் தூக்கமே இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் எட்டாவது வரை படித்தவள். கேட்ட கேள்விக்குப் பதில் எழுதத் தெரியும். எழுதுகிறேன்.

அவருடைய வியாதி எழுபத்து மூன்றில் ஆரம்பித்தது. அப்போது நீங்கள் மதுரையில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தீர்கள். சோற்றைப் பிசைந்த கையோடு தூங்குவார். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகும். ஊரில் சிரித்தார்கள். ஒரு நாள் ஏலக்காய் ஏலத்தில் நம் காய்க்கு அடிமாட்டு விலை கேட்டிருக்கிறார்கள். இவர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கித் தலை முன்னால் விழுந்திருக்கிறது. "அண்ணே தலையாட்டிட்டாரு, வெல முடிஞ்சுது" என்று ஏலம் கூறியவர் முடித்துவிட்டார். தூங்கி விழுந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட ஊர் இது.

அடுத்த வாரம் நான் போய் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அங்கே ஒரு பொம்பளை வந்து யாரும் பார்த்ததில்லை. இரண்டு வருஷத்துக்குள் எல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. எந்தச் சரிவில் கன்று வைப்பது, எந்த நிழல் மரத்தில் கிளை கழிப்பது, காய் உலர்த்தும் ஸ்டோரில் எப்போது தீ மூட்டுவது, எல்லாம் நான் சொன்னால்தான். ஸ்டோர் சாவி என் இடுப்பில். காய் பறிக்கும் பெண்கள் என்னை ஆத்தா என்பார்கள். ஒவ்வொருத்திக்கும் எந்தக் காலில் அட்டை கடித்த புண் என்பது வரை எனக்குத் தெரியும்.

இரவில் இன்னொரு வேலை இருந்தது. குறட்டை ஊரைத் தூக்கும். திடீரென்று நிற்கும். நிற்கும்போதுதான் பயம். மூச்சே இருக்காது. அதனால் அவருடைய கால் பெருவிரலில் ஒரு நூல்கயிற்றைக் கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு படுப்பேன். மூச்சு நின்றதும் எண்ணுவேன். இருபது வந்ததும் சுண்டி இழுப்பேன். திணறிக்கொண்டு எழுந்து, மறுபடி தூங்குவார். பதினாலு வருஷம். நான் இல்லையென்றால் அந்த மனிதர் என்றைக்கோ போயிருப்பார். பெருமைக்குச் சொல்லவில்லை. நீங்களே சொன்னதுதான்.

எண்பத்தாறு டிசம்பரில் லீவில் வந்தீர்கள். வாட்சும் நோட்டுமாக ஓர் இரவு முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்கிறது, மூக்கு வழியாக விடாமல் காற்றைச் செலுத்தினால் மூடாது என்று சொன்னீர்கள். மூக்குக்கு மூடி செய்ய, கை ஒடிந்தால் கட்டும் மாவை வைத்து முகத்தில் அச்சு எடுக்க வேண்டும் என்றீர்கள். மீசையை எடுக்க வேண்டும் என்றதும் வந்தது வினை. "எங்கய்யா செத்தப்ப எடுத்தது. இப்ப யாருடா செத்தா?" என்று மூன்று நாள் உங்களோடு பேசவில்லை, ஞாபகம் இருக்கிறதா? கடைசியில் சவரம் செய்கிற மொக்கச்சாமியைக் கூப்பிட்டோம். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே என் முகத்தையும் உங்கள் முகத்தையும் பார்த்தார், எழவு எங்கே என்று. மத்தியானத்துக்குள் பொட்டிபுரத்திலிருந்து இரண்டு பேர் துக்கம் விசாரிக்க வந்துவிட்டார்கள். காபி கொடுத்து அனுப்பினேன்.

மே மாதம் மெஷின் வந்தது. நீங்கள் உங்கள் கைப்படத் தமிழில் எழுதிய ஒரு தாளும் வந்தது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட சிரமங்களைச் சொல்கிறேன். முதல் சிரமம் சத்தம். போட்ட அன்றைக்கே, வீட்டில் மாவு மிஷின் வைத்திருக்கிறீர்களா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். பலகைப் பெட்டி ஒன்று செய்து, அடியில் சாக்கை விரித்து அதற்குள் வைத்தேன். இரண்டாவது, வாயைத் திறந்தால் மூக்கில் போன காற்றெல்லாம் வாய் வழியாக வந்துவிடும். "வயிறு ஊதுது புள்ள. என்னைய சைக்கிள் ட்யூப்புன்னு நெனச்சுட்டானா அழகு?" என்று பிடுங்கி எறிந்தார். ஐந்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை. யாரோ முகத்தைப் பொத்துகிற மாதிரி இருக்கிறது என்றார்.

உங்கள் தாளில் எழுதியிருந்தபடிதான் செய்தேன். படுக்கையில் ஆரம்பிக்கவில்லை. பகலில் நாற்காலியில் உட்காரவைத்து, மூடியை வெறுமனே கையில் பிடித்து மூக்கில் வைத்துக்கொண்டு ரேடியோ கேட்கச் சொன்னேன். மறுநாள் பட்டியைப் போட்டேன். அதற்கடுத்த வாரம் மத்தியானத் தூக்கத்துக்கு. பட்டி காதை அறுத்தது. பழைய வேட்டியைக் கிழித்து மெத்தென்று உறை தைத்தேன். மூக்குத்தண்டில் புண் வந்தது. ஃபிளானல் துணியில் சின்னத் துண்டு வெட்டி வைத்தேன். குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதைவிடப் பொறுமையாகச் செய்தேன். என் இடத்தில் வேறு யார் இருந்தாலும் அந்த மெஷின் பரணில் ஏறியிருக்கும். இதை உங்கள் ரிப்போர்ட்டில் தாராளமாக எழுதலாம்.

பதினெட்டாவது நாள் காலையில் அவர் எழுந்து கிணற்றடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் நின்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இத்தன வருசமா நான் எங்க புள்ள போயிருந்தேன்?" என்று கேட்டார். நான் அழுதேன். சந்தோஷத்தில்தான். அன்று இரவு கயிற்றை அவிழ்த்து அலமாரியில் வைத்தேன்.

அதன்பிறகு அவருக்குத் தூக்கம் போதுமானதாகிவிட்டது. எனக்குத்தான் வரவில்லை. மணிக்கட்டு வெறுமனே கிடந்தது.

ஆடி முடிவதற்குள் மனிதர் பழைய உக்கிரபாண்டி ஆகிவிட்டார். டிரைவர் திருப்பதியை ஸ்டோர் வேலைக்கு அனுப்பிவிட்டு ஜீப்பைத் தானே ஓட்ட ஆரம்பித்தார். காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலை ஏறுவார், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவார். நம் மகள் சந்திரவல்லிக்கு மலை மேட்டுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை என்பதால் அவளும் அப்பாவோடு முன் ஸீட்டில் போய் வருவாள். ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "சாவியக் கொண்டா புள்ள. பதினாலு வருசம் ஒத்தையா இழுத்துட்ட. இனிமே உக்காந்து சாப்புடு" என்றார். பிடுங்கியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அன்பாகக் கேட்டார். அவிழ்த்துக் கொடுத்துவிட்டேன்.

ஏலத்துக்கும் அவரே போனார். "உங்க வீட்டம்மா வரலையா?" என்று கேட்டவர்களிடம், அவளுக்கு எதற்கு இந்த வெயில் என்றாராம். என் மேல் உள்ள பிரியத்தில் சொன்னதுதான். ஆவணியில் ஒரு நாள் மனது கேட்காமல் நானும் ஜீப்பில் மலைக்குப் போனேன். மேற்குச் சரிவில் நான் வைத்த கன்றுகளைப் பார்த்தபடி நின்றார். "இந்தச் சரிவுல எவன் கன்னு வைக்கச் சொன்னான்? பூராத்தையும் புடுங்கணும்" என்றார். சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள். எவன் என்று எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்குத் தலைவியாக இருந்த ராக்கு மட்டும் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அன்னக்கொடி என்கிற பெண், அடுத்து எந்தப் பக்கம் பறிப்பது என்று அவரிடம் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். நேற்றுவரை என்னிடம் கேட்டவள். எனக்கு வயிறு எரிந்தது தம்பி. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அவர் கெட்டவர் இல்லை. விழித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் விழித்ததும் நான் செய்த பதினாலு வருஷமும் அவர் தூங்கிய வருஷங்களாக ஆகிவிட்டன.

புரட்டாசியில், தேவாரம் ஊரிலிருந்து ஒரு நல்ல இடத்துக்காரர்கள், சந்திரவல்லியைப் பெண் பார்க்கக் கார்த்திகையில் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்போதுதான் நான் மீசைப் பேச்சை எடுத்தேன்.

"மொட்ட மொகத்தோட நின்னா, வீட்டுல என்ன எழவான்னு கேக்க மாட்டாகளா?" என்றேன்.

அவருக்கும் உள்ளூர அந்த ஆசை இருந்தது. இருந்தாலும் கேட்டார். "மீச கூடாதுன்னு அழகு சொன்னானே?"

"அது அச்சு எடுக்கத்தான். இப்பத்தான் மெசினு ஒங்களுக்குப் பழகிருச்சுல்ல."

உங்கள் தாளில் ஆறாவதாக எழுதியிருந்தீர்கள். மீசை வளரக் கூடாது, வளர்ந்தால் மூடி ஒட்டாது, காற்று கசியும், கசிந்தால் மெஷின் இருந்தும் இல்லாததற்குச் சமம் என்று. ஏழாவதாக, பகலில் தூக்கம் வருவது திரும்பினால் வண்டி ஓட்டவே கூடாது என்று. அவருக்குப் படிக்கக் கண்ணாடி வேண்டும். அதனால் தாளை நான்தான் படித்துக் காட்டுவது. நான் சொன்னதை நம்பினார். அவருக்கு என் பேச்சில் எப்போதும் நம்பிக்கை உண்டு.

பத்துப் பன்னிரண்டு நாளில் மேலுதட்டில் முள்ளுமுள்ளாக வந்துவிட்டது. ஓர் இரவு மூடியின் கீழ் விளிம்பிலிருந்து காற்று சீறியது, குக்கர் வெயிட் தூக்குவதற்கு முன்னால் வருமே, அந்தச் சத்தம். மெஷின் அதுபாட்டுக்கு ஓடியது. கொஞ்ச நேரத்தில் பழைய குறட்டை வந்தது. பிறகு நின்றது. நான் பழக்கத்தில் எண்ணினேன். இருபது வந்தது. கயிறு அலமாரியில் இருந்தது. எழுந்து எடுக்கவில்லை. இருபத்தைந்து, முப்பது என்று எண்ணிக்கொண்டே படுத்திருந்தேன். முப்பத்தெட்டில் அவராகவே திணறி மூச்செடுத்தார். எனக்கு அன்றைக்கு நல்ல தூக்கம் வந்தது.

காலையில் கேட்டார். "கொறட்ட வந்துச்சா புள்ள? தலையெல்லாம் கனமா இருக்கு."

"இல்லவே இல்ல. மழைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

தூங்குகிறவருக்குத் தன் மூச்சு எப்படிப் போனது என்று தெரியாது. பக்கத்தில் படுத்தவள் சொன்னால்தான் உண்டு. உங்களுக்கும் அப்படித்தான். அந்த நாட்களில் உங்களுக்கு மூன்று ஏர்மெயில் எழுதினேன். குறட்டை இல்லை, மூச்சு நிற்கவில்லை, மூடி நன்றாக ஒட்டுகிறது என்று மூன்றிலும் எழுதியிருப்பேன். வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். கையெழுத்து எதிலும் நடுங்கியிருக்காது.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய ஆரம்பித்தார். ஏலத்தில் ஒரு தடவை தலை விழுந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அவரே சலித்துப்போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுப்பார் என்று காத்திருந்தேன். ஆனால் அவருக்குத் தெரியவில்லை, தான் பழையபடி ஆகிக்கொண்டிருக்கிறோம் என்று. மெஷின்தான் ஓடுகிறதே, அப்புறம் எப்படித் தூக்க வியாதி வரும் என்று அதன் மேல் அத்தனை நம்பிக்கை. ஜீப்பை விடவே இல்லை.

ஐப்பசி நடுவில் ராக்கு வீட்டுக்கு வந்தாள். கொல்லைப்புறம் வந்து நின்று, குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"ஆத்தா, ஐயா வண்டி ஓட்டையில தல சாயுது. நேத்து எட்டாவது வளைவுல நான் கத்துனதுக்கு அப்பறம்தேன் முழிச்சாரு. திருப்பதிய ஓட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னா ஐயா கேப்பாரு."

நான் சொன்னால் கேட்பார் என்று இன்னும் அவள் நினைத்துக்கொண்டிருந்தது எனக்கு இதமாக இருந்தது. அவளுக்கு மோர் கொடுத்தேன்.

"வேல அலுப்புடி அது. நீ முன்னாடி ஸீட்டுல உக்காந்து பேச்சுக் குடுத்துக்கிட்டே வா. சரியாப்போகும்" என்றேன்.

"சரிங்காத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து அவள் முன்னால் உட்கார்ந்து, ஊர்க்கதை எல்லாம் பேசிக்கொண்டே வந்தாளாம். ஒன்பது நாள் பேசியிருக்கிறாள்.

பத்தாம் நாள் சாயங்காலம் நாலே முக்கால் மணி. நல்ல வெளிச்சம். மழைகூட இல்லை. இறங்கி வரும்போது பத்தாவது வளைவு. பிரேக் பிடிக்கவில்லை என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள். நீங்களும் அதைத்தான் முதலில் நம்பினீர்கள். பின்னால் உட்கார்ந்திருந்து தூக்கி எறியப்பட்டுப் பிழைத்தவள் அன்னக்கொடி ஒருத்திதான். ஒரு கால் போய்விட்டது. நான் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனபோது சொன்னாள்: "ஐயா பிரேக்கும் போடல, ஸ்டேரிங்கும் ஒடிக்கல ஆத்தா. ராக்கு அக்கா பேசிக்கிட்டே இருந்துச்சு. வண்டி நேரா போச்சு." அவளிடம், இதை யாரிடமும் சொல்லாதே, ஐயாவுக்கு அவப்பெயர் என்றேன். தலையாட்டினாள். நான் சொன்னால் கேட்கிற பெண்.

உங்கள் அண்ணனோடு போனவர்கள் ஐந்து பேர். ராக்கு, ராமுத்தாய், சோலையம்மா, பொட்டிபுரத்து அக்கா தங்கை இரண்டு பேர். தங்கைக்கு அடுத்த தையில் கல்யாணம் வைத்திருந்தது. ஐந்து வீட்டுக்கும் நான்தான் முதலில் போனேன். என் மடியில் விழுந்துதான் அழுதார்கள்.

நீங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து உங்கள் மீசையை எடுத்துக்கொண்டு, மாலை போட்ட படத்தைக் கும்பிட்டீர்கள். படத்தில் அவருக்கு அடர்ந்த மீசை இருந்தது. பழைய படம் என்று நினைத்திருப்பீர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்ட, ஐப்பசி முதல் வாரம் ஸ்டுடியோவில் எடுத்தது. எடுக்கும்போது இரண்டு தடவை கண் மூடிவிட்டார். மூன்றாவது தடவைதான் சரியாக விழுந்தது.

ஆகையால் மெஷின் மேல் பழி போடாதீர்கள். அது என் சொல்லைக் கேட்கவில்லை, யார் சொல்லையும் கேட்கவில்லை, கடைசி இரவு வரை ஒழுங்காக ஓடியது. மோட்டாரையும் குழாயையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், சோதித்துக்கொள்ளுங்கள். மூடியை நான் கழுவவில்லை. கீழ் விளிம்பில் நரைத்த முடி இரண்டு மூன்று ஒட்டியிருக்கும். நல்ல பொருள் தம்பி அது. தேவைப்படுகிற நாலு பேர் உயிர் பிழைப்பதை என்னால் கெடுக்க முடியாது. அதற்காகத்தான் இவ்வளவையும் எழுதினேன்.

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. மேற்குச் சரிவில் கன்றுகளைப் பிடுங்கவில்லை. திருப்பதி ஜீப் ஓட்டுகிறான். இந்தக் கடிதத்தை நீங்கள் போலீசில் கொடுத்தாலும் நான் மறுக்கமாட்டேன். அவர்கள் கேட்டாலும் இதையேதான் சொல்வேன்: அவர் பழையபடி நாற்காலியில் சாய்ந்துகொள்ள வேண்டும், என் இடம் எனக்கு வேண்டும், இதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை. ஜீப்பைப் பற்றி எனக்கு நினைப்பே இல்லை. யாருக்கும் சாவு வர வேண்டும் என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை.

இப்படி எழுதி முடித்துவிட்டு, பதில் எழுதாமல் ஏதாவது விட்டுப்போயிற்றா என்று உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசி வரி விட்டுப்போயிருந்தது. சந்திரவல்லி அன்றைக்கு ஜீப்பில் ஏறாமல் பஸ்ஸில் வந்தது தெய்வச் செயல் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு மட்டும் இல்லை தம்பி. மூடியில் முதன்முதலாகக் காற்று சீறிய மறுநாள் காலையிலேயே அவளை ஜீப்பிலிருந்து இறக்கிவிட்டேன். கல்யாணம் பேசுகிற பெண் இடிபட்டுக்கொண்டு வரக் கூடாது என்று காரணம் சொன்னேன். முப்பத்தொரு நாள் நானே பஸ் ஸ்டாண்டு வரை போய் ஏற்றிவிட்டேன். ஒரு நாள் பஸ் வரவில்லை. அப்பாவோடு போகிறேன் என்று அவள் அடம்பிடித்தாள். லீவு போடச் சொல்லி வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினேன். அவளுடைய ஸீட் முன்னால் காலியாகத்தான் இருந்தது. அதில்தான் ராக்குவை உட்காரச் சொன்னேன்.